உப்புப் பார்க்கிற கை

அண்டாக்கா என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேரல்ல. தொழிற்சாலைக் கேண்டீனில் சேர்ந்த புதிதில், பருப்பு அண்டாவை ஒற்றை ஆளாக அடுப்பிலிருந்து இறக்கியதைப் பார்த்து எவனோ வைத்த பேர், அது நிலைத்துவிட்டது. வருஷம் போகப் போக உடம்பும் அண்டாவாகிவிட்டதால், பின்னால் வந்தவர்கள் உடம்பைப் பார்த்துத்தான் பேர் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் திருத்தப் போனதில்லை. "பேருக்கு ஏத்த ஆளா இருக்கேனே, போதாதா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

நானூறு பேருக்கு மதியச் சாப்பாடு. காலை ஆறரைக்கு அடுப்பு மூட்டினால் மாலை ஐந்துக்குத்தான் அணையும். அவளது வலது உள்ளங்கையின் நடுவில் ஒரு வட்டம் மட்டும் சிவந்து வழவழவென்று இருக்கும். இருபத்தாறு வருஷமாகக் கொதிக்கிற குழம்பைக் கரண்டியிலிருந்து அந்த இடத்தில்தான் ஊற்றி, உறிஞ்சி, உப்புப் பார்த்திருக்கிறாள். ஸ்பூனில் எடுத்து ஊதி ஊதிப் பார்க்கிற சமையல்காரர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். அந்தக் கையைத் தாண்டாமல் எந்தக் குழம்பும் அந்தத் தொழிற்சாலையில் தட்டுக்குப் போனதில்லை.

புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம். பிள்ளை குட்டி இல்லை. தம்பியும் தம்பி பொண்டாட்டியும் இருக்கிற இரண்டு அறை வீட்டில் அவளும் இருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குச் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து தம்பியின் குரல் வரும்.

"சாப்பிட்டியாக்கா?"

"எங்கடா! ஒண்ணுமே சாப்பிடல."

இதைச் சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தவரை அது சத்தியம்.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் படுத்து, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவான். அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற இயந்திரத்தில் இருந்தவன் அவன். ஆயிரம் தாளை அடுக்கி வெட்டினாலும் மயிரிழை பிசகாது என்று பேர் வாங்கியவன். அந்தத் துல்லியம் எல்லாம் இப்போது தண்ணீரில் இறங்கிவிட்டது. நாளைக்கு முக்கால் லிட்டர்தான் குடிக்கலாம். காலையில் எழுந்ததும் ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டர் பிடித்துவைப்பான். ஒரு வாய் டீ குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து ஜன்னலோரச் செடிக்கு ஊற்றிவிடுவான். மாத்திரையை விழுங்குகிற தண்ணீருக்கும் அதே சட்டம்தான். செடி நன்றாகச் செழித்திருந்தது.

அக்காவின் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்துகிறது என்று முடிவு வந்த அன்று அண்டாக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து உள்ளே போனால் டாக்டர் அவளை எடை மெஷினில் ஏறச் சொன்னார். தொண்ணூற்றாறு.

"எண்பத்து நாலுக்கு வரணும்மா. அதுக்கு மேல இருந்தா உங்க உடம்புல நான் கத்தி வைக்க மாட்டேன்."

"அவ்வளவுதானே டாக்டர்? ஒரு மாசம் பட்டினி கெடந்தாப் போச்சு."

"பட்டினி கெடந்து கொறைச்ச எடை எனக்கு வேணாம். ஒண்ணைத் தம்பிக்குக் குடுத்துட்டு மிச்சம் இருக்கிற ஒண்ணோட நீங்க காலம் பூரா வாழணும். கொறைஞ்சது கொறைஞ்சபடியே நிக்கணும். மெதுவாக் கொறைங்க, ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்ல."

டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டார். ஒரு வருஷம் என்றால் தம்பிக்கு நூற்றைம்பது தடவை மெஷின் ஊசி. அவன் இடது கை நரம்பு புடைத்து முடிச்சு முடிச்சாக இருப்பதை அவள் தினம் பார்க்கிறாள். வீட்டுக்கு வருகிற வழியிலேயே முடிவு பண்ணிவிட்டாள், மறுநாளிலிருந்து டீயைத் தவிர வேறெதுவும் கிடையாது என்று.

பதினெட்டு நாள் தாக்குப்பிடித்தாள். நாலரை கிலோ இறங்கியது. பத்தொன்பதாம் நாள் பதினொரு மணிக்குப் பருப்பு அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தவளுக்குக் கண் இருட்டியது. கரண்டி உள்ளே விழுந்தது. பின்னாலேயே அவளும் சாய்ந்திருப்பாள். பாத்திரம் கழுவுகிற ஒல்லி ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்ததில் இரண்டு பேரும் ஈரத் தரையில் விழுந்தார்கள். ஒல்லி என்பதும் பட்டப்பேர்தான். அவள் எடை நாற்பது கிலோ தாண்டாது.

"எனக்குன்னு பாத்து உன்னையத் தூக்குற வேலை வருது பாரு!" என்று கத்தினாள் ஒல்லி. "அக்கா, கொதிக்கிற பருப்பு அது! உள்ள போயிருந்தா உன் தம்பிக்கு வேகவச்ச கிட்னியைத்தான் குடுத்திருக்கணும்!"

கத்தி முடித்துவிட்டு அழுதாள். அண்டாக்காவும் அழுதாள். பட்டினி அன்றோடு முடிந்தது. ஒரே மாதத்தில் எடை தொண்ணூற்றேழுக்குப் போய் நின்றது.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்வதற்கென்று ஒரு சின்னப் பெண் இருந்தாள். நோட்டை விரித்துவைத்துக்கொண்டு, காலையிலிருந்து சாப்பிடுவதை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னாள்.

"காலைல ரெண்டு ரொட்டி. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டப்புறம் நாலு வாய் சோறு. சாயங்காலம் வீட்டுல ஒரு சின்னத் தட்டு. அவ்வளவுதாம்மா."

அந்தப் பெண் கூட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து அண்டாக்காவைப் பார்த்தாள். மறுபடி கூட்டினாள்.

"இவ்வளவுதான் சாப்பிடறீங்கன்னா நீங்க எப்பவோ எளைச்சிருக்கணுமே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எங்கயோ ஏதோ விட்டுப்போகுது."

"நான் என்ன பொய்யா சொல்றேன்?" அண்டாக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நானூறு பேருக்கு ஆக்கிப் போடறவ நான். ஆக்கிப் போடறவளுக்கு ஏதும்மா சாப்பிட நேரம்? என் வயசென்ன, உன் வயசென்ன?"

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "எதையும் அடியோட விடச் சொல்லலம்மா. ஆயுசுக்கும் எதைச் செய்ய முடியுமோ அதை மட்டும் செஞ்சாப் போதும். ஆனா என்ன சாப்பிடறோம்னு முதல்ல தெரியணும் இல்ல?" என்றாள்.

வீட்டுக்கு வந்து அண்டாக்கா பொரிந்து தள்ளினாள். தம்பி கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அன்று ஊசி போட்டுக்கொண்டு வந்த நாள், முகம் வெளுத்திருந்தது. தம்பி பொண்டாட்டி, அவனுக்கு ஆகாத சத்து இறங்கட்டும் என்று வேகவைத்த காயின் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. ஒரு நாளைக்கு எத்தனை தடவை உப்புப் பாப்ப?"

"அதை யாருடா எண்ணிட்டிருக்கா? அடுப்புல இருக்கிற வரைக்கும் பாக்க வேண்டியதுதான்."

"அதைச் சொன்னியா அந்தப் பொண்ணுகிட்ட?"

"அது என்ன சாப்பாடா? அது வேலைடா. தையல்காரன் ஊசில நூல் கோக்கறப்ப எச்சில் பண்றானே, நூலை அவன் சாப்பிடறான்னு சொல்லுவியா?"

தம்பி பொண்டாட்டி சிரித்துவிட்டாள். அவள் தைக்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கு ஆரம்பத்துல வாய் காஞ்சு போகுதுன்னு ஐஸ்கட்டி வாயில போட்டுப்பேன், ஞாபகம் இருக்கா? ஐஸ்கட்டி என்ன தண்ணியான்னு நினைச்சேன். ஒரு நாள் மூச்சு முட்டித் தூக்கிட்டுப் போனீங்க. நுரையீரல் பூராத் தண்ணி. அந்த ஐஸ்கட்டிதாங்கா." அவன் எழுந்து அலமாரியிலிருந்து இரண்டு லிட்டர் தூக்குச்சட்டியை எடுத்தான். "நாளைக்கு ஒரு நாள் இதை எடுத்துட்டுப் போ. நீ பாக்கறதைப் பாத்துக்க, நான் வேணாங்கல. எவ்வளவு வாயில போடறியோ, அதே அளவு எடுத்து இதுல போடு. நான் செடிக்கு ஊத்தற மாதிரின்னு வச்சுக்கயேன்."

அவன் மனசு நோகக்கூடாது என்றுதான் அவள் தூக்கை வாங்கிக்கொண்டாள். ஒரு டம்ளர்கூட நிறையாது, நாளைக்கு இவன் முகத்தில் கரி பூசுகிறேன் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தது. பருப்பு வெந்ததா என்று ஒரு பிடி. தூக்கிலும் ஒரு பிடி. உப்புப் போடுமுன் ஒன்று, போட்டபின் ஒன்று. குழம்புக்கு ஐந்து தடவை. சோற்றில் பதம் பார்க்க ஒரு கை. பொரித்த உருளைக்கிழங்கில் முதல் ஈடு எடுத்ததும் நாலு துண்டு. காய் இறக்கும்போது இரண்டு கரண்டி, ஏனென்றால் மேலே ஒரு ருசி, அடியில் ஒரு ருசி. மதியம் பந்தி முடிந்ததும் அண்டாவின் அடியில் நின்ற காந்தல். அதை வழித்துக் கொட்ட அவளுக்கு எந்தக் காலத்திலும் மனசு வந்ததில்லை. மூன்று மணிக்கு டீயோடு வைக்கிற கேக்கைத் துண்டு போடும்போது உதிர்ந்த ஓரங்கள். டீக்குச் சர்க்கரை சரியா என்று இரண்டு தடவை.

ஒல்லி பாத்திரத் தொட்டியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, யாருக்குச் சாப்பாடு கட்டற?"

அண்டாக்கா தூக்கை அடுப்புக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். இரண்டு மணிக்கே தூக்கு கழுத்து வரை வந்திருந்தது. நாலு மணிக்கு மூடி மூடவில்லை.

சாயங்காலம் வீட்டில் தூக்கைத் தரையில் வைத்தாள். தம்பி வழக்கம்போலக் கேட்கப்போனான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். தம்பி பொண்டாட்டி மூடியை எடுத்தாள். பருப்பும் சோறும் உருளைக்கிழங்கும் கேக்கும் ஒன்றாய்க் குழைந்து, மேலே எண்ணெய் மிதந்தது.

"அண்ணி, இது மூணு பேர் சாப்பிடலாமே!"

அண்டாக்கா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருஷம், தினம் ஒரு தூக்கு. ஒன்றுமே சாப்பிடவில்லை என்று எத்தனை பேரிடம் சத்தியம் பண்ணியிருக்கிறாள்! மூட்டு வலிக்கு மருந்து கொடுத்தவரிடம், செத்துப்போன புருஷனிடம், அன்றைக்கு அந்தச் சின்னப் பெண்ணிடம். அவமானத்தில் காது சுட்டது.

"அந்தப் பொண்ணை நான் அப்படிப் பேசியிருக்க வேணாம்டா" என்றாள்.

தெரிந்துகொள்வது ஒன்று, விடுவது வேறு. சூடான குழம்பைக் கண்டதும் கரண்டி தானாகக் கவிழும், உள்ளங்கை தானாக விரியும். நாலு நாள் போராடிவிட்டு ஐந்தாம் நாள் ஒல்லியைக் கூப்பிட்டாள்.

"நீ வந்து உப்புப் பாரு."

"நானா! போக்கா, நான் பாத்திரம் கழுவறவ."

"நாக்கு இருக்கில்ல உனக்கு? ஊரையே பேசற நாக்கு. பாரு."

ஒல்லி பார்த்தாள். "கொஞ்சம் பத்தலக்கா" என்றாள். அண்டாக்கா இரண்டு பிடி போட்டாள். அன்று மதியம் நானூறு பேரும் முகம் சுளித்தார்கள். "என்ன அண்டாக்கா, உப்பு மூட்டை தவறி விழுந்துடுச்சா?" என்று வெல்டர் ஒருவன் கத்த, வரிசை பூராச் சிரித்தது. அனலிலும் புகையிலும் நின்று அவள் சம்பாதித்த ஒரே சொத்து, சமையலில் கை தப்பாதவள் என்கிற பேர்தான். அடுப்புக்குப் பின்னால் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒல்லிக்கு உப்பு தூக்கலாக வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மெல்ல ஒரு வழி பிடிபட்டது. ஒல்லி "பத்தல" என்றால் சரியாக இருக்கிறது. "சரியா இருக்கு" என்றால் ஒரு சொம்பு தண்ணீர் விடவேண்டும். "ஒண்ணுமே இல்லியேக்கா" என்றால்தான் உப்பு ஜாடியையே திறக்கவேண்டும். கடைசியாக இறக்கும்போது மட்டும் அண்டாக்கா சின்ன ஸ்பூனில் ஒரு சொட்டு பார்ப்பாள். யாரை இளக்காரமாகப் பார்த்தாளோ அவர்களைப் போலவே ஊதி ஊதி. அதே அளவு ஒரு சொட்டைத் தூக்கிலும் விடுவாள், தூக்கு தினம் அவளோடு போய்வந்தது.

அந்தச் சின்னப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவள் சொன்னபடி, பந்திக்கு முன்னால் பதினொன்றரைக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். தட்டில் பாதிக்குக் காய், மிச்சத்தில் சோறும் பருப்பும். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கேண்டீன் பெஞ்சில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதல் வாரம் முள் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பிறகு பீன்ஸுக்கு இவ்வளவு ருசி உண்டா என்று அவளுக்கே ஆச்சரியமாகிவிட்டது. காந்தலைப் பார்க்கும்போது மட்டும் சுரண்டக் கை நீளும். அதை ஒல்லியிடம் தள்ளிவிடுவாள். ஒல்லி எவ்வளவு தின்றாலும் நாற்பதைத் தாண்டவில்லை, அது அவள் கொடுப்பினை.

மாதம் ஒரு கிலோ, சில மாதம் ஒன்றரை. எண்பத்தொன்பதில் வந்து இரண்டு மாதம் முள் அசையவே இல்லை. தம்பி கிண்டல் பண்ணுவான். "நேத்து நாலு மணி நேரத்துல நான் ரெண்டரை கிலோ கொறைச்சேன். நீ ரெண்டு மாசமா என்னக்கா பண்ற?"

"உன்னுது தண்ணிடா. என்னுது சதை. அதுக்கு ரோஷம் ஜாஸ்தி, சீக்கிரம் போவாது."

பதிமூன்றாம் மாதம் எண்பத்து நாலு. டாக்டர் எழுந்து வந்து கை கொடுத்தார். அவளுக்கு எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தது. கடைசியாகத் தம்பிக்கு எடுக்க வேண்டிய பரிசோதனைகளையும் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து இரண்டு பேரையும் உட்காரவைத்து டாக்டர் மெதுவாகச் சொன்னார். தம்பியின் இதயம் பலவீனமாகிவிட்டது. இந்த நிலையில் ஆபரேஷனைத் தாங்காது. மருந்து கொடுத்துப் பார்ப்போம். ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்கலாம்.

"அப்ப நடக்குமா டாக்டர்?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

மறுநாள் அண்டாக்கா வேலைக்குப் போனாள். தூக்கை எடுத்துப் போகவில்லை. குழம்பு கொதித்தது. ஒல்லி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அண்டாக்கா அவளைப் பார்க்கவே இல்லை. கரண்டியை உள்ளங்கையில் கவிழ்த்தாள். உறிஞ்சினாள். மறுபடி கவிழ்த்தாள். உருளைக்கிழங்கைப் பொரியப் பொரியத் தின்றாள். பந்தி முடிந்ததும் அண்டாவுக்குள் தலையை விட்டுக் காந்தலைச் சுரண்டினாள். யாருக்காக எடையை இறக்கினேனோ அவனுக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது, இனி என்ன மயிருக்கு இந்தத் தட்டும் பெஞ்சும் என்று மனசு கொதித்தது.

"அக்கா, போதுங்கா" என்றாள் ஒல்லி.

"உன் வேலையப் பாத்துட்டுப் போடி."

ஒல்லி போய்விட்டாள். தொட்டியில் பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது.

ஐந்து நாள் இப்படியே போனது. ஆறாம் நாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது தம்பி கேட்டான்.

"சாப்பிட்டியாக்கா?"

அந்தப் பழைய பொய்யை இனி சொல்ல முடியாது. தூக்கை அவன் பார்த்துவிட்டான், அவளும் பார்த்துவிட்டாள்.

"சாப்பிட்டேன். நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். ஒரு தூக்கு இல்ல, ஒன்றரைத் தூக்கு."

தம்பி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் பாட்டில் இருந்தது. அடியில் இரண்டு விரல் தண்ணீர்.

"அன்னிக்கு டாக்டர் சொன்னாரே, வீட்டுக்கு வந்ததும் நான் நேரா குழாய்க்குத்தாங்கா போனேன். ஒரு சொம்பு பிடிச்சேன். இனி அளந்து குடிச்சு என்ன ஆகப்போவுதுன்னு தோணுச்சு. நாலு வருஷமாச்சு, வயிறு முட்டத் தண்ணி குடிச்சு. வாய்கிட்டக் கொண்டுபோயிட்டேன்."

அடுப்படியில் தம்பி பொண்டாட்டியின் கரண்டிச் சத்தம் நின்றது.

"குடிச்சியாடா?"

"செடிக்கு ஊத்திட்டேன்."

"எப்படிடா முடிஞ்சுது?"

"தெரியல. இவ உள்ள எனக்குக் காய் வடிச்சுட்டு இருந்தா. நீ செருப்பைக்கூடக் கழட்டாம வாசப்படியில உக்காந்திருந்த. ரெண்டு பேரும் இருக்கீங்களே, நாளைக்கும் இருக்கணும்னு தோணுச்சு." அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். "உன் கிட்னி எனக்குக் கிடைக்காமப் போவட்டுங்கா. நீ எனக்கு வேணும். ஊசி போட்டு நான் தள்ளாடி வர்றப்ப புடிச்சுக்கற கை வேணும். அண்டாவுக்குள்ள நீ விழப் பாத்தேன்னு ஒல்லி வந்து சொன்ன அன்னிக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. எனக்கு முன்னாடி நீ போயிடாதக்கா."

அண்டாக்கா அவன் காலடியில் உட்கார்ந்து, புடைத்த அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நரம்புக்குள் ரத்தம் குறுகுறுவென்று ஓடுவது விரலில் தெரிந்தது. தம்பி பொண்டாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

மறுநாள் காலை கேண்டீனில் குழம்பு கொதித்தது. கரண்டி எழும்பியது. உள்ளங்கை விரிந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கரண்டியை அண்டாவிலேயே கவிழ்த்துவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, உன்னைத் தாம்பாளம் வச்சுக் கூப்பிடணுமா? வந்து உப்புப் பாரு."

ஒல்லி அசையாமல் ஒரு பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். "என் வேலையை நான் பாக்கறேன்க்கா. நீதானே சொன்ன."

"சொன்னேன். புத்தி கெட்டுச் சொன்னேன். வாடி."

ஒல்லி வந்தாள். பார்த்தாள். வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டாள்.

"பத்தல" என்றாள்.

அப்படியென்றால் சரியாக இருக்கிறது. அண்டாக்கா அடுப்பைத் தணித்தாள். பதினொன்றரைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். காந்தலை ஒல்லியே எடுத்துக்கொண்டு போனாள், கேட்காமலே.

அன்று சாயங்காலம் தூக்கு மறுபடி அவள் கையில் இருந்தது. உள்ளே அடியை மறைக்கிற அளவுக்குத்தான் ஏதோ ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றினாள். உள்ளே மூன்று தட்டு போட்டிருந்தது. தம்பி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சாப்பாட்டுக்கு அரை டம்ளர் மிச்சம் வைத்திருந்தான்.

"சாப்பிட்டியாக்கா?"

"இல்லடா" என்றாள். "இன்னும் சாப்பிடல. உங்களோட உக்காந்து சாப்பிடலாம்னுதான் வந்தேன்."